நோயில்லாத குடலுக்கு ஓர் ஆள்

என் வயிற்றைப் பற்றி எனக்குப் பெருமை ஜாஸ்தி. கல்யாண வீட்டில் மூன்று பாயசத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு, சாயங்காலமே தக்கலை பஸ் ஸ்டாண்டில் பழம்பொரி தின்கிற ஆள் நான். (இப்போது இரண்டு பாயசத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.) அந்தப் பெருமைதான் என்னை ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சி அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

சிறுகுடலில் புண் வருகிற ஒரு நோயைப் பற்றி அங்கே ஆராய்ச்சி நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத குடலும் வேண்டுமாம். மாத்திரை அளவு கேமரா ஒன்றை விழுங்கினால், போகிற வழியெல்லாம் அது படம் பிடிக்கும். நானோ பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார், பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் சிறுகுடல் வரைகிறவன். விடுவேனா? ஆசிரியர் அறை முழுக்கக் கேட்கும்படி, "நல்ல குடல் வேணும்னா இந்தா இருக்கு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுப் பெயர் கொடுத்தேன்.

முந்தின இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். விடியற்காலை நான் வாழைக்குலைப் பக்கம் நிற்பதை என் மனைவி சுகந்தி பார்த்துவிட்டாள்.

"ஒண்ணும் திங்கப்பிடாதுன்னு சொன்னாவல்லா?"

"ஏட்டி, இது மட்டிப்பழம்லா! சஷ்டி விரதத்துக்கே திங்கலாம். ஆஸ்பத்திரி விரதத்துக்கு ஆவாதா?"

(எங்கள் ஊரில் மட்டிப்பழம் சாப்பாட்டுக் கணக்கில் வராது. விரல் நீளம்தான் இருக்கும். கைக்குழந்தைக்கே மசித்துக் கொடுப்போம்.) ஆறு பழம் தின்றேன். பிறகு மருத்துவமனையில், ஒன்றும் சாப்பிடவில்லை என்று கையெழுத்தும் போட்டேன். மனசாட்சி துளிகூட உறுத்தவில்லை.

டாக்டர் நிவேதா சேலத்துக்காரர். சின்ன வயதுதான், மேல்படிப்புக்காக இந்த ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்தார். என் இடுப்பில், படங்களைப் பதிவுசெய்கிற ஒரு பெல்ட்டைக் கட்டி, கேமரா மாத்திரையைத் தந்தார். விழுங்கினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரையை என் பக்கம் திருப்பினார்.

என்னத்தைச் சொல்ல! வெளிர்சிவப்பில் ஒரு குகை. சுவர் முழுக்கப் பொடிப்பொடியாக விரல்கள். தண்ணீருக்குள் நாற்று ஆடுவதுபோல அத்தனையும் ஆடிக்கொண்டிருந்தன. நான் சீப்புப் பல் மாதிரி நாலு கோடு இழுத்து, 'குடலுறிஞ்சிகள்' என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவுகிற சமாச்சாரம் இது. நான் தூங்கும்போதும், பிள்ளைகளைத் திட்டும்போதும் இது பாட்டுக்கு உள்ளே வேலை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடவுளே, இதன் தலையிலா நான் மூன்று பாயசத்தைக் கொட்டினேன்? கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் கறுப்பு நூல்கள் வந்தன. ஒன்றிரண்டல்ல, ஒரு கூட்டமே வளைந்து நெளிந்து மிதந்தது.

டாக்டரின் முகம் மாறியது. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாவது ஒருவரைக் கூப்பிட்டார். அவர்கள் இரண்டு பேரும்கூட வெளியூர்தான்.

"புழுவா இருக்குமோ?"

"தலையும் தெரியல, வாலும் தெரியலயே. இப்படி நான் பாத்ததே இல்ல."

நிவேதா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "சார், உங்கள நோயாளிங்க வரிசைக்கு மாத்த வேண்டியிருக்கும்னு நினைக்கிறேன்."

மகள் எட்டாம் வகுப்புதான் படிக்கிறாள். உடனே சுகந்திக்குப் போன் போட்டேன்.

"எனக்கு என்ன ஆனாலும் பிள்ளைய நல்லா படிக்க வையி."

"காலைலயே என்னத்த ஒளறுதியோ?"

அந்த நேரம் பெல்ட்டைச் சரிபார்க்க வந்த நர்ஸ் ஸ்டெல்லா, திரையை ஒரு பார்வை பார்த்தார். குலசேகரத்துக்காரர். வீட்டில் எட்டு மாதக் குழந்தை.

"டாக்டரே, இது மட்டிப்பழம்லா! எங்க கொச்சுக்குப் பழம் குடுத்தா மறுநாள் துணியில இதேதான் கெடக்கும். மொத தடவ பூச்சின்னு பயந்து, பிள்ளையத் தூக்கிட்டு ஓடினவளாக்கும் நான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், எத்தன பழம் தின்னியோ?"

மூன்று டாக்டர்களும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆறு," என்றேன். "சின்னதுதான்."

வாழைப்பழத்தின் நடுவில் கறுப்பாக ஓடும் விதை நாரைப் பற்றிக்கூடப் பாடம் நடத்துகிறவன் நான் என்பதை அந்த இடத்தில் சொல்லவில்லை. நிவேதா தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தே விட்டார். "நல்ல குடல்தான் சார். ஆனா ஆராய்ச்சிக்கு ஆகாது."

உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது எனக்கு. ஆனாலும் அந்த நாற்றங்கால் இன்றுவரை கண்ணை விட்டுப் போகவில்லை. இப்போதெல்லாம் சிறுகுடல் வரைய ஒரு பீரியட் முழுக்க எடுத்துக்கொள்கிறேன்.

போன வருடம் என் மைத்துனன் அதே ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அந்த அறிவுரைத் தாளோடு வீட்டுக்கு வந்தான். கடைசியில் புதிதாக ஒரு வரி, தடித்த எழுத்தில்: 'மட்டிப்பழமும் உணவே.'

சுகந்தி அதைக் கத்தரித்து, வாழைக்குலை தொங்குகிற இடத்துக்கு நேரே ஒட்டிவைத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மகள் அதைக் காட்டி, "மருத்துவ ஆராய்ச்சியில எங்கப்பா எழுதின ஒரே வரி" என்கிறாள்.