குடியிருப்போர் உரிமையும் காத்தாயியின் கோழியும்

பாரத நாட்டில் நீதி இன்னும் உயிரோடிருப்பதற்கு நீதிமன்றங்கள்தான் காரணம் என்று சிலர் தவறாக நினைக்கிறார்கள். காரணம், ஆரணி வக்கீல்களின் 'சட்ட விழிப்பு வட்டம்'. 1979-இல் அதன் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோர்ட்டுக்குப் போகாமல், சரிகைக் கடை மாடியில் இருக்கும் வட்டத்தின் சொந்த அறையில் கூடி அண்மைத் தீர்ப்புகளை அலசுவோம். கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால் சட்டம் படிக்க நேரம் ஏது?

ஆடி மாதத் தலைப்பு, 'ஆஜராகாததால் வரும் ஒருதலைத் தீர்ப்பைத் தவிர்ப்பது எப்படி?' மூன்று மணி நேரம் குறிப்பெடுத்தேன். அன்றைக்கே என் கட்சிக்காரி காத்தாயி மேல் நிலத்துச் சொந்தக்காரர் போட்ட வழக்கு விசாரணைக்கு வந்தது. நான் ஆஜராகவில்லை. கூலி வேலை செய்யும் காத்தாயி, போளூர் ரோட்டோரம் இருபது வருஷமாக இருந்த குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்று ஒருதலைத் தீர்ப்பு வந்தது. தலைப்பு எவ்வளவு அவசியமானது என்பதை இதைவிடத் தெளிவாக யார் நிரூபிக்க முடியும்?

ஆவணியில், 'குடியிருப்போர் உரிமைகள்: நடைமுறை வழிகாட்டல்'. மெட்ராஸிலிருந்து மூத்த வக்கீல் ஒருவர் வந்திருந்தார். அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தபோது காத்தாயி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"ஐயா, காலி பண்ற ஆர்டரோட கோர்ட்டு அமீனா வந்துகினு இருக்கறாராம். குடிசையப் பிரிக்கப் போறாங்களாம். ஜல்தியா எதுனா பண்ணுங்க!"

வட்டத்தின் தலைவர் சம்பந்தம் கையமர்த்தினார். "பதறாதம்மா. இன்னிக்குப் பேச்சே உன்ன மாதிரி ஆளுங்களப் பத்திதான். உக்காரு."

"தடை உத்தரவு வாங்கணும்னு சொன்னாங்களே?"

"அது ரெண்டாவது அமர்வுல வருது."

உட்கார்ந்தாள். மெட்ராஸ் வக்கீல் தடையின்றிப் பேசினார். கிடைக்காதது தடை உத்தரவு மட்டும்தான். உச்சக்கட்டமாக, "ஓரிடத்தில் குடியேறிவிட்டவரை, அவர் அத்துமீறி வந்தவரே ஆனாலும், சொந்தக்காரர் கையைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. வழக்குப் போட்டுத்தான் வெளியேற்ற வேண்டும்" என்று முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. காத்தாயியும் தட்டினாள்.

நன்றியுரை முடிந்து அவள் வீட்டுக்குப் போனாள். வீடு இல்லை. மூங்கிலும் ஓலையும் வண்டியேறிப் போயிருந்தன. மண்ணடுப்பு மட்டும் தூறலில் நனைந்து கரைந்துகொண்டிருந்தது. 

திங்கட்கிழமை காலை மாடிக்குப் போனேன். சட்டப் புத்தக அலமாரியின் மேல் ஒரு கோழி. சொற்பொழிவு மேடையில் அடுப்பு. அடுப்பில் கூழ். பக்கத்தில் காத்தாயி.

"இன்னா காத்தாயி இது?"

"குடி வந்துட்டேன் ஐயா."

சேதி கேட்டு சம்பந்தம் ஓடி வந்தார். "ஏய், எழுந்திரு! இது எங்க எடம்!"

"தெரியும் சாமி. ஆனா கையப் புடிச்சித் தள்ளக் கூடாதாமே. மெட்ராஸ் ஐயா சொன்னாரு, நீங்கல்லாம் கைகூடத் தட்டினீங்க. கேஸ் போடுங்க."

வட்டத்தின் பதினான்கு வக்கீல்களும் கூடிச் சட்டப் புத்தகங்களைப் புரட்டினோம். எங்கள் வழிகாட்டலை முதன்முதலாக ஒருவர் 'நடைமுறை'ப்படுத்தியிருந்தார்! வேறு வழியில்லாமல் கேஸ் போட்டோம்.

விசாரணை நாளன்று, வட்டத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக, பதினான்கு பேரும் தவறாமல் ஆஜரானோம். எதிரே காத்தாயி தனியாக நின்றாள். அதன் பிறகு நீதிபதி பழைய வழக்கின் காகிதக் கட்டை வரவழைத்துப் பார்த்ததும், ஒருதலைத் தீர்ப்பு ரத்தானதும், வட்டத்தின் செலவில் அவள் பழைய இடத்திலேயே புதுக்கூரை வேய்ந்துகொண்டதும் ஊரறிந்தவை. எல்லாவற்றுக்கும் காரணம், நீதிபதி அன்று கேட்ட ஒரேயொரு கேள்விதான்.

"ஏம்மா, எதிர்ல இத்தனை வக்கீல் நிக்கறாங்க. நீ ஒரு வக்கீல் வச்சிக்கக் கூடாதா?"

காத்தாயி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வச்சிருந்தேன் ஐயா. அதாலதான் வீடு போச்சி."