கொடியில் ஒரு ஈரத்துண்டு

பழைய வாடகைக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இடம் மாறவே மாட்டார் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். நம்முடையவர் இருக்கும் வீடு, வாடகையை ஏற்றக்கூடாது, குடியிருப்பவரைக் கிளப்பக்கூடாது என்று சட்டம் வந்த காலத்தில் அவருடைய அப்பா குடிவந்தது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வாடகை மட்டும் அப்படியே இருக்கிறது. மாதாமாதம் முடிவெட்டிக்கொள்ள இவருக்கு அதைவிட அதிகம் செலவாகிறது. இத்தனைக்கும் தலையில் முடி அதிகமில்லை.

அந்த வாடகையில் வீட்டுக்காரர் சுண்ணாம்புகூட வாங்க முடியாது. ஆகவே மழை பெய்தால் கூடத்தில் வாளி, படுக்கையறையில் அண்டா, சமையலறையில் குடையோடு மனைவி. நம்மவர் வாளியைச் சுட்டிக்காட்டி, "பாத்தீங்களா, இந்த வீட்டுக்காரங்களுக்கு மனசாட்சியே கிடையாது" என்பார். அப்படியானால் காலி செய்யலாமே என்று வாய்தவறிக் கேட்டுவிடாதீர்கள். அன்றோடு உங்கள் நட்பு முடிந்தது.

சட்டத்தில் ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும். அதற்காகத் தினமும் காலையில், குளித்தாலும் குளிக்காவிட்டாலும், ஒரு துண்டை நனைத்துத் தெருவுக்குத் தெரியும்படி மாடிக் கொடியில் போடுவார். தண்ணீர் சொட்டினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சொந்த மகளின் கல்யாணத்தன்றுகூடத் துண்டு நனைப்பதற்கென்று மச்சினரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார். மச்சினர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

வாடகையில் மிச்சம் பிடித்த பணம் என்ன ஆகும்? வீடு ஆகும். ஊரின் மறுகோடியில் அழகாக ஒரு வீடு கட்டினார். பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிப் பூட்டினார். வாடகைக்கு விடலாமே என்றால் பதறிப்போவார். "என்னை மாதிரி ஒருத்தன் வந்து உக்காந்துட்டா என்ன பண்றது?"

இந்த நிலையில் மகளுக்கு நிறைமாதம். புகுந்த வீட்டில் ஏழு பேர், இருப்பது ஒரே கூடம், தொட்டில் போடவும் இடமில்லை. மகளும் மாப்பிள்ளையும் தெருத்தெருவாக அலைந்தார்கள். பாதி வீடுகளில் பூட்டு. அவள் அப்பாவைப் போல ஒருவர் வந்துவிடுவாரோ என்று எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பயம். துணிந்து வாடகைக்கு விடும் ஒன்றிரண்டு பேர், அந்தப் பயத்துக்கும் சேர்த்து மாப்பிள்ளையின் முழுச் சம்பளத்தையும் வாடகையாகக் கேட்டார்கள். கடைசியில் மகள் அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, உங்க புது வீடு சும்மாதானே கிடக்கு?"

"உனக்கு இல்லாததாம்மா? ஆனா மாப்பிள்ளை வாடகை குடுத்தா வாடகைக்காரர் ஆயிடுவார். அப்புறம் கிளப்ப முடியாது."

"சரி, குடுக்கல."

"குடுக்காம இருந்தா அதைவிட மோசம். சொந்தம்னே சொல்லிடுவார்."

"அப்ப இங்கயே வந்துடறோம்."

"இங்கயா? உள்வாடகைக்கு விட்டுட்டேன்னு வீட்டுக்காரர் கேஸ் போட்டுடுவாரே!"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, புது வீட்டுச் சாவி தொங்கும் ஆணியைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்மவர் வழக்கம்போலப் பூட்டைப் பார்த்து வரப் போனார். பூட்டைக் காணோம். மாடிக் கொடியில் ஒரு துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய துண்டுதான். உள்ளே தொட்டிலுக்குக் கொக்கி அடிக்கும் சத்தம். அந்தத் துண்டுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யார் சொல்ல வேண்டும்? நடுத்தெருவில் நின்றபடி வாழ்நாளில் முதல்முறையாக, "என்னய்யா சட்டம் இது!" என்று கத்தினார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே உங்கள் சாவிக்கொத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யாருமில்லாத வீட்டின் சாவி ஏதாவது அதில் இருக்கிறதா? இல்லையா? நல்லது. பிறகு மாடிக்குப் போய்க் கொடியைப் பாருங்கள். நீங்கள் இன்னும் குளிக்கவே இல்லையே, அந்தத் துண்டு எப்படி நனைந்தது?