கட்லெட்டுக்கு ஒரு சாட்சி

புகார்க்காரர் ஒட்டிய நோட்டீஸில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவர் புகார் கொடுப்பவர் அல்ல. ஒரு மாட்டிறைச்சி கட்லெட் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதுபவர். பதினாறு வருடமாக அதே மேஜை என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கேயோ மாடுகளுக்கு நோய் என்று செய்தி வந்ததும் விற்பனை படுத்துவிட்டது. மேலாளர் அவரைக் கூப்பிட்டார்.

"ஒரு வாரத்துல ஜனங்க பயத்தைப் போக்குங்க. இல்லன்னா அடுத்த வாரம் அந்த நாற்காலியில நீங்க இருக்க மாட்டீங்க."

உடனே அவர், 'எங்கள் மாட்டிறைச்சியில் நோய் இல்லை' என்று கொட்டை எழுத்தில் கம்பெனியின் கடை வாசலில் ஒட்டினார். அதுவரை செய்தியே தெரியாமல் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும், "என்ன நோயாம்?" என்று விசாரித்துவிட்டுப் பாதித் தட்டோடு எழுந்து போனார்கள்.

வீட்டில் மனைவி சொன்னாள். "இனிமே பாப்பாவுக்குக் கட்லெட் வாங்கிட்டு வராதீங்க."

"நான் சொல்லியும் நம்ப மாட்டியா?"

"உங்களை நம்பறேங்க. மாட்டைத்தான் நம்பல."

அவருக்குச் சுருக்கென்றது. அவர் பொய் எழுதிப் பிழைத்தவர் அல்ல. அந்தக் கட்லெட்டின் மானத்தை ஆயிரம் கடிதங்களில் கையெழுத்துப் போட்டுக் காப்பாற்றியவர். வேலை போவதைவிட மனைவியின் இந்தப் பேச்சுதான் அவரை அதிகம் வாட்டியது.

மறுநாள் கடை வாசலில் நின்று, பத்துப் பேர் பார்க்க, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்லெட்டை முழுசாக வாயில் போட்டார். நாக்கு வெந்தது. துப்பினால் கம்பெனி மானம் போகும். கண்ணில் நீர் வழிய வழிய மென்று விழுங்கினார். சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் போனிலும் அந்தப் படம் ஓடியது. 'கம்பெனிக்காரரே அழுதுகொண்டு சாப்பிடும் கட்லெட்.'

சாட்சிக்கு வேறு ஆள் வேண்டும் என்று மனைவியின் தம்பியைப் பிடித்தார்.

"யாரோ ஒரு வாடிக்கையாளர் மாதிரி வா. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

மச்சான் வந்தான். நான்கு கட்லெட்டை ரசித்துத் தின்று, "இந்த மாதிரி மாட்டிறைச்சி எங்கேயும் கிடைக்காது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். தயங்கி நின்ற ஒரு அம்மாள்கூட முன்னால் வந்தார். மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"போதுமா மாமா, இன்னும் ரெண்டு சாப்பிடணுமா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் புகார்க்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையின் மைக்கைப் பிடுங்கினார்.

"ஆய்வுக்கூடத்துக்காரங்களைக் கூப்பிடறேன். அவங்க கையாலேயே கட்லெட் எடுத்துட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை இதே இடத்துல முடிவைப் படிக்கட்டும்."

விஷயம் கேள்விப்பட்ட மேலாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுய்யா வாக்குக் கொடுத்தீங்க?"

"பயப்படாதீங்க சார். நம்ம மாடு சுத்தம்."

"மாட்டைப் பத்தி எனக்குப் பயமே இல்ல."

"அப்புறம் என்ன சார்?"

மேலாளர் மேஜையிலிருந்து ஒரு தாளை இழுத்தார். வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாடிப்படியில் தலைமைச் சமையல்காரர் எதிர்ப்பட்டார். சமையல் கூடத்துக்குள் ஆபீஸ் ஆட்கள் வரக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம் என்பதால், இருவரும் படியில் பார்த்துக்கொள்வதோடு சரி.

"மாட்டுக்காக இந்த அளவுக்குப் பாடுபடறது இந்தக் கம்பெனியிலேயே நீங்க ஒருத்தர்தான் சார்."

புகார்க்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கடை வாசலில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் மனைவி, மகள். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பெண் உறையைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"கெட்ட கிருமி எதுவும் இல்ல. மாட்டு நோய்க்கான அறிகுறி துளிகூட இல்ல. தாராளமாச் சாப்பிடலாம்."

கூட்டம் கை தட்டியது. மனைவி அந்த வாரத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். மகள் கட்லெட்டுக்குக் கை நீட்டினாள். புகார்க்காரர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? எங்க மாட்டுல நோயே இல்லைன்னு நான் முதல்ல இருந்தே சொன்னேன்."

அந்தப் பெண் இரண்டாவது தாளைப் புரட்டினார்.

"நோய் எப்படி சார் இருக்கும்? இதுல மாடே இல்ல. முழுக்கப் பட்டாணி."