கைப்பிடியில் வெட்டிய பேர்

சத்தியமங்கலம்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கிருபாசங்கர் அவர்களுக்கு மாமன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை வள்ளியாத்தாளும் சௌக்கியம். பவானியில் தண்ணீர் போகிறது. கிரைண்டரும் சௌக்கியம். கடைசியாகச் சொன்ன சௌக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

போத்தனூரில் பிளாஸ்டிக்கை இழை இழையாக அடுக்கிப் பொருள் செய்யும் மிஷின் வைத்திருக்கிறீர்கள், எனக்குப் பெருமைதான். அத்தை நாலு வீதிக்கு மாவு அரைத்துக் கொடுக்கும் பழைய கிரைண்டருக்கு, மாவைக் கவிழ்க்கும் கைப்பிடி எங்கும் கிடைக்காதபோது நீங்கள்தான் அச்சடித்து அனுப்பினீர்கள். நான் செய்தது ஒன்றுதான். பாத்திரக் கடையில் கொடுத்து அதில் 'சி. ஈஸ்வரமூர்த்தி' என்று பேர் வெட்டினேன். எங்கள் வீட்டில் கரண்டி முதல் குத்துவிளக்கு வரை பேரில்லாத சாமான் கிடையாது. விசேஷத்துக்கு இரவல் போன அண்டா திரும்பி வருவதே அதனால்தான். நாலாம் நாள் மாவைக் கவிழ்க்கும்போது கைப்பிடி 'மூ'வில் ஒடிந்தது. மூன்று படி மாவு தரையில். எழுத்தும் மங்கியிருந்ததால் இரண்டாவது கைப்பிடியில் ஆழமாக வெட்டச் சொன்னேன். அது மறுநாளே ஒடிந்தது, அதே 'மூ'வில்.

போனில் நீங்கள் சொன்னது ஞாபகமிருக்கிறது. "வெட்டுன எடத்துலதானுங்க மாமா விசையெல்லாம் வந்து குவியும். மூலை கூரா, வெட்டு ஆழமா இருந்தா கீறல் அங்கிருந்துதான் ஓடும். ஷாம்பு பாக்கெட்டு ஓரத்துல சின்ன வெட்டு எதுக்கு வெச்சிருக்கறாங்க?" ஏனுங்க மாப்பிள்ளை, அந்த வெட்டை நம்பி நான் ஒரு பாக்கெட்டாவது கிழிச்சிருக்கறனுங்களா? பல்லாலதானுங்க கடிக்கறேன். எவர்சில்வர் தூக்கு முப்பது வருசமா பேரோட கெடக்குதே, ஒடிஞ்சுதுங்களா என்றால், "அது வளைஞ்சு குடுக்குமுங்க, இது குடுக்காது" என்கிறீர்கள். பின்னாலிருந்து வர்ஷினி, "அப்பா, பேரா கிரைண்டரா, ஒண்ணச் சொல்லுங்க" என்கிறாள். பெற்றது நான், பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சு.

மூன்றாவதும் ஒடிந்தால் இனி எந்தச் சாமானுக்கும் பேர் வெட்ட மாட்டேன் என்று உங்கள் அப்பா முன்னாலேயே சொல்லிப்போட்டேன். எனக்கு முட்டிவலி, அத்தையே கடைக்குப் போய் வெட்டி வந்தாள். இன்றோடு இருபத்தாறு நாள். தினமும் அரைக்கிறோம், கவிழ்க்கிறோம். காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்கிறேன். பேர் பளிச்சென்று இருக்குது, கைப்பிடி அசையவில்லை. உங்கள் படிப்பில் எங்கோ பிசகு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், பிசகு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுசும் மிஷினுக்குத் தடங்கலில்லாத கரண்டும் கிடைக்க வேண்டும்,
சி. ஈஸ்வரமூர்த்தி

பின்குறிப்பு: இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஈரத்துணி எடுத்துக் கைப்பிடியை ஒரு துடை துடைத்தாள். பேர் போய்விட்டது. கடைக்கே போகவில்லையாம். ஸ்கெட்ச் பேனாவாம். தினமும் கழுவும்போது அழிய, நான் எழுமுன் தினமும் எழுதி வைத்திருக்கிறாள். "பேரு போனா எழுதிக்கலாமுங்க, மாவு போனா அள்ள முடியுமுங்களா?" என்கிறாள். நீங்கள் ஒன்றும் எழுதித் தர வேண்டாம். பேனா தீரப் போகிறதாம், வரும்போது ஒன்று வாங்கி வரவும். கறுப்பு.