மனசாரத்தான் விக்கிறீங்களா?

“மேசை விஷயமா வந்திருக்கேன். போன்ல அம்மாகிட்ட பேசியிருந்தேன்” என்றான் மருந்தாளுநர், மூச்சு வாங்கியபடி.

கதவைத் திறந்த மூக்குக்கண்ணாடிக்காரர் அவனையும், பின்னால் கயிற்றுச் சுருளோடு நின்ற வேன்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவகிட்ட பேசினீங்களா? சரிதான். சொன்னதைச் செஞ்சே காட்டிட்டா” என்று முணுமுணுத்தார். “உள்ள வாங்க. செருப்போடயே வாங்க. மேசையே போகுது, இனிமே தரை எப்படி இருந்தா என்ன?”

மருந்தாளுநர் செருப்பை வாசலிலேயே கழற்றினான். பொருளை விற்கிறவர் பேசுகிற பேச்சா இது?

கல்யாணமாகி ஏழெட்டு மாதமாகியும் அவன் வீட்டில் சாமான் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் சேரவில்லை. யார் வயிற்றிலும் அடிக்காத, எந்தக் காட்டையும் அழிக்காத பொருள்தான் வாசற்படி தாண்டவேண்டும் என்று கணவனும் மனைவியும் முடிவெடுத்திருந்தார்கள். மூங்கில் விளக்கு வாங்கினான். சுரண்டிப் பார்த்தால் பிளாஸ்டிக். இயற்கைச் சாயம் ஏற்றிய கம்பளம் வாங்கினான். ஒரு முறை அலசியதில் குளியலறையே ஊதாவாகிவிட்டது. சாப்பாடு இன்னும் அட்டைப்பெட்டிமேல்தான்.

இன்று ராத்திரி மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். அட்டைப்பெட்டியைப் பார்த்தால் தன் கடையிலிருந்து ஒரு பளபளப்பான கண்ணாடி மேசையை அனுப்பிவிடுவார்.

“கண்ணாடி மேசை உள்ள வந்தா, நான் அண்ணனோட வெளிய போயிடுவேன்” என்று சொல்லியிருந்தாள் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

அதனால்தான் இந்தப் பழைய மேசை. விளம்பரம் பார்த்து, போனில் விலாசம் கேட்டு, விற்பவரிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டே படியேறி வந்திருந்தான்.

கூடத்தின் நடுவில் யானைக்குட்டி போல நின்றது மேசை. அதன்மேல் பிரித்துப்போட்ட கடிகாரங்கள். மருந்தாளுநர் அதன் அடியில் தவழ்ந்து புகுந்து, ஆணி ஆணியாகப் பார்த்தான்.

“இது எங்க வெட்டின மரம் சார்?”

“யாரும் வெட்டல. எங்க வாசல்ல புயலடிச்சு விழுந்தது.”

மேசைக்கடியில் அவனுக்கு மெய் சிலிர்த்தது.

“செஞ்சவருக்கு ஒழுங்கா கூலி கொடுத்தீங்களா?”

“என் தம்பிதான் செஞ்சான். சாப்பாடு போட்டேன்.”

“சாப்பாடு மட்டுமா?”

“ரெண்டு வேளை டீயும். வேணும்னா அவனையே கூப்பிட்டுக் கேளுங்க.”

மருந்தாளுநர் வெளியே வந்து தொண்டையைச் செருமினான். “கடைசியா ஒண்ணு. தப்பா நினைக்காதீங்க. மனசாரத்தான் விக்கிறீங்களா?”

“அதை அவகிட்டயே கேளுங்க.”

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். “மேசையை விக்கிறோமா? நிஜமாவா? எத்தனை வருஷமா கரடியா கத்தினேன், கூடத்துல நடக்க இடமில்லைன்னு! காதுலயே போட்டுக்காத மனுஷன்...” கண்கள் நிறைந்தன.

“போதும் நடிப்பு” என்றார் கண்ணாடிக்காரர்.

மருந்தாளுநர் மேசையை விட்டு ஓரடி தள்ளி நின்றான். கண்ணீர் சிந்திய வீட்டுப் பொருளில் வைத்துச் சாப்பிட்டால் செரிக்குமா? “அழாதீங்கம்மா. வேணும்னா நான் வேற மேசை பார்த்துக்கறேன்.”

“இது சந்தோஷ அழுகைப்பா. ஆனா கடிகாரத்தை எல்லாம் இவர் எங்க வச்சுப் பிரிப்பார்?” என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். “வேண்டாங்க. உங்க ஆசை மேசை, இருக்கட்டும்.”

“வாசல்ல வேனைக் கொண்டாந்து நிறுத்தினப்புறம் என்ன இருக்கட்டும்? போகட்டும்!” என்றார் கண்ணாடிக்காரர்.

“விலை கம்மின்னு வருத்தமா சார்? கூடப் போட்டுத் தரேன்” என்றான் மருந்தாளுநர்.

அது எரிகிற நெருப்பில் எண்ணெயாயிற்று. “என் தம்பி உழைப்புக்கு நீங்க விலை போடுறீங்களா? காலணா வேண்டாம். சும்மா எடுத்துட்டுப் போங்க!”

“ஐயோ, சும்மா வாங்கினா அது சுரண்டல் ஆயிடும் சார்.”

“யாரு யாரைச் சுரண்டுறது?”

“நான்தான், உங்களை.”

“பரவாயில்ல, சுரண்டுங்க.”

வேன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சுரண்டுறதா இருந்தா சட்டுனு சுரண்டுங்க சார். எனக்கு அடுத்த சவாரி இருக்கு.”

மருந்தாளுநர் ஜன்னலோரம் ஒதுங்கி மனைவிக்குப் போன் போட்டான்.

“சும்மா தராங்களா? அப்ப அவங்களுக்கு என்ன கஷ்டமோ!” என்று பதறினாள் அவள். “பேசின பணத்தைக் கொடுங்க. ரெண்டு பேரும் சிரிச்ச முகமா கொடுத்தாத்தான் எடுத்துட்டு வரணும். சீக்கிரம், அண்ணன் கிளம்பிட்டாரு.”

அவன் திரும்பி வந்து கைகூப்பினான். “ரெண்டு பேரும் கொஞ்சம் சிரிங்களேன். சிரிக்காம நான் எடுத்துக்க முடியாது.”

அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணவரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் பல் டாக்டரிடம் காட்டுவதுபோல வாயைத் திறந்தார். ஏதோ தோன்றியிருக்கவேண்டும், இருவருக்கும் ஒரே நேரத்தில் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. அழுகையும் கலந்த சிரிப்புதான். ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே என்று மருந்தாளுநர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, பேசிய பணத்தை ஒரு கடிகாரத்துக்கு அடியில் செருகினான்.

“ரெண்டாவது மாடிதானே, முதுகுலயே இறக்கிடலாம்” என்று வேன்காரர் மேசையைத் தூக்கினார்.

வேனில் மேசையைக் கட்டி முடித்தபோது மருந்தாளுநர் மேலே நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலில் கண்ணாடிக்காரர் ஒரு கையில் கடிகாரத்தோடு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

இருந்தாலும் மூன்று கேள்விக்கும் பதில் சுத்தம். பல மாதத்துக்குப் பிறகு அவனுக்கு மூச்சு சீராக வந்தது. அப்போது போன் அடித்தது. திரையில் ‘மேசை’ என்று அவன் பதிந்துவைத்திருந்த எண். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மனம் நெகிழ்ந்து எடுத்தான். அன்று போனில் விலாசம் சொன்ன அம்மாவின் அதே கட்டைக்குரல்.

“என்ன தம்பி, மேசையைத் துடைச்சு வச்சுக்கிட்டுக் காலையிலேருந்து காத்திருக்கேன், மூணாவது மாடிக்கு ஏறி வர இன்னும் உங்களுக்கு மனசு வரலையா?”