சேவலுக்கு வாய் திறக்க மாட்டேன்

இந்த வாயால் சேவல் அணிக்கு ஒரு சத்தம்கூடக் கொடுக்க மாட்டேன் என்று சபதம் போட்டேன். அதுவும் எங்கள் பானி ஊரே வந்துபோகும் மளிகைக்கடை வாசலில், கடைக்காரர் கொர்னேலியோ சாட்சியாக.

நான் பிறந்ததிலிருந்து சுறா அணி. என் பெண்டாட்டி தோமாசினா சேவல் அணி. கல்யாணத்துக்கு முன்னால் இதை மறைத்துவிட்டார்கள். இந்த வருஷம் எங்கள் டொமினிக்கன் பேஸ்பால் லீக் இறுதியாட்டத்தில் சேவல் சுறாவை விழுங்கிவிட்டது. இப்போது நாட்டுக்காகக் கரீபியன் கோப்பைக்கும் அதுதான் போகிறது. வெனிசுவேலா லீகில் ஜெயித்தவன், மெக்சிகோவில் ஜெயித்தவன், போர்ட்டோ ரிக்கோவில் ஜெயித்தவன் எல்லாரும் அங்கே வருவார்கள்.

"நாட்டுக்காகவாவது கை தட்டு, கிழவா" என்றாள் தோமாசினா.

"நாடு வேற, சேவல் வேற. சேவல் கொதிக்கிற பானைக்குத்தான் லாயக்கு."

"ஆட்டத்தைப் பாத்தா கத்திடுவே."

"கல்லு கத்தும். நான் கத்த மாட்டேன்."

"கத்தினா?"

"உன் அண்ணன் தம்பி ஏழு பேருக்கும் ஏழு வகைக் கறியும் வாழைக்காயும் போட்டு நானே சங்கோச்சோ குழம்பு கொதிக்க வைக்கிறேன். கத்தலேன்னா, ஈஸ்டர் வரைக்கும் ஒரு மச்சானும் என் வாசலை மிதிக்கக் கூடாது!"

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பானையைச் சுரண்டும் ஜென்மங்கள். விடுதலை கண்ணுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து துக்கம் காத்தேன். ரேடியோவைத் தொடவில்லை. பேப்பரை வாழைக்காய்க்கு அடியில் விரித்தேன்.

"அண்ணே, சேவல்காரங்க ஆள் எடுத்த சேதி கேட்டியா?" என்றார் கொர்னேலியோ.

"சேவல் சேதி எனக்கெதுக்கு?"

"வேண்டாம்னா விடுங்க, சொல்லாதீங்க" என்றாள் தோமாசினா. எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன்.

கோப்பையின் கடைசி ஆட்டம் ஞாயிறு மத்தியானம், வெனிசுவேலாவோடு. நாற்காலியெல்லாம் மச்சான்கள். கொர்னேலியோ ஜன்னலோரம். நான் கதவோரம், கற்சிலை.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம். ரெண்டு பேர் அவுட்; மூணாவது ஆள் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஓடுவதற்கு ஒருத்தன் முதல் முனையில் நிற்கிறான். சேவலின் சிவப்புச் சட்டையில் ஒருத்தன் மட்டையோடு வருகிறான். வாத்து மாதிரி ஒரு நடை. மட்டைக்கு ஒரு முத்தம்.

அந்த முத்தம் எனக்குத் தெரியும். எங்கள் சுறாவின் எலாடியோ!

அடித்தான் பாருங்கள். பந்து சுவரைத் தாண்டி வானத்துக்கே போனது.

"என் ராசா! என் கண்ணே!"

நான்தான். பெரிய மச்சான் மடியில் உட்கார்ந்திருந்தேன். கோப்பை ஜெயித்த குஷியில் தெருவில் பானையும் மூடியும் அதிர்கின்றன. என் வீட்டிலோ டிவியை ஒருத்தனும் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

லீகில் ஜெயித்த அணி, தோற்ற அணிகளிலிருந்து நல்ல ஆட்களை இந்தக் கோப்பைக்கு மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். வருஷாவருஷம் நடப்பதுதான். ஆத்திரத்தில் மறந்து தொலைத்தேன். ஆனால் நான் லேசில் விடுகிற ஆளா?

"பந்தயம் செல்லாது! நான் கத்தினது சுறாவுக்கு. அவன் இரவல் ஆளு. சட்டை மட்டும்தான் சேவலோடது!"

கொர்னேலியோ தாடையைத் தடவினார். "அண்ணன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு."

தோமாசினா கோபப்படவில்லை. அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும்.

"சரி, செல்லாது. இரவல் வாங்கறது முறைதானே?"

"காலங்காலமா இருக்கற சட்டம்!" நெஞ்சை நிமிர்த்தினேன்.

"யாரு யார்கிட்ட வாங்கலாம்?"

"ஜெயிச்சவங்க, தோத்தவங்ககிட்ட."

"நம்ம வீட்டுல ஜெயிச்ச கட்சி யாரு?"

"நீ."

"தோத்தது?"

கண்ணால் கதவைத் தேடினேன். அவள் இடுப்பிலிருந்த சமையல் துணியை அவிழ்த்து என் கழுத்தில் மாட்டினாள்.

"துணி மட்டும்தான் என்னோடது, கிழவா. போ, ஏழு பேருக்கும் வாழைக்காய் உரி."