மருந்து உங்கள் பிறப்புரிமை

தாய்மொழியை மறக்க வெளிநாடு போக வேண்டியதில்லை, விண்ணப்பம் போட்டாலே போதும். நான் போட்டிருந்தேன். வக்கீல் கோட்டின் மடிப்புகூடக் கலையாத வயதில், வெளிநாட்டில் உலக சுகாதாரச் சட்டம் படிக்கப் போகிறேனாம். (போடி கோர்ட்டில் வாய்தா வாங்கவே நாக்கு குழறும். உலகம் மட்டும் என்னை நம்பிக் காத்திருந்தது.)

சீட்டு கிடைப்பது ஒரு பேராசிரியையின் சிபாரிசில் தொங்கியது. நான் மக்களிடம் பேசுவதை நேரில் பார்த்துத்தான் எழுதுவேன் என்று சென்னையிலிருந்து வந்துவிட்டார். தம்பி முருகன் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறான். அதில் போடிமெட்டுக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் போய் இறங்கினோம். காய் எடுக்கும் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். பாவம், நிம்மதியாகச் சாப்பிடத்தான் நினைத்திருப்பார்கள்.

நான் ஒரு பாறைமேல் ஏறினேன். (தரையில் நின்றால் உரிமை காதில் விழாது பாருங்கள்.) "மருந்து உங்கள் பிறப்புரிமை. முதலாளி தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் அது கிடைத்தாக வேண்டும்" என்று முழங்கினேன்.

கங்காணி மட்டும் கைதட்டினார். விவரம் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரே என்று பூரித்துப் போனேன். முன்னால் இருந்த செல்வி என்ற அக்கா சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏந்தாயி, இப்ப அடிக்கிற மருந்துக்கே தலை கிறுகிறுங்குது, வாந்தி வருது. இன்னும் கேட்டு வாங்கணுமா? பிள்ளைக்கு வேறயா?"

அப்போதுதான் உறைத்தது. ஏலக்காட்டில் மருந்து என்றால் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து. காய்ச்சலுக்குப் போடுவது மாத்திரை, ஊசி. போடியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, சட்டம் படித்த பிள்ளைக்குத்தான் மறந்துவிட்டது. பாறையிலிருந்து மெல்ல இறங்கினேன். பேராசிரியையோ என்னைத் திரும்பியும் பார்க்காமல் செல்வி அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்போதிருந்து வாந்தி, கையுறை தருகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டிருக்க வேண்டியதே அதுதான்.

சீட்டு கிடைக்கவில்லை. சிபாரிசில் என்ன எழுதினார் என்று கேட்கும் தைரியம் இன்றுவரை வரவில்லை. ஆனால் அடுத்த வாரமே செல்வி அக்கா நாலு பெண்களோடு கோர்ட் வாசலுக்கு வந்துவிட்டார். நல்ல வக்கீலாகப் பாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"கேட்டு வாங்குன்னது நீதான தாயி? அந்த மருந்து வேணாம்னு நீயே கேட்டுக் குடு" என்றார்.

கேஸ் இன்னும் நடக்கிறது. கோர்ட்டில் எனக்கு மருந்து வக்கீல் என்றே பெயர். வீட்டிலோ, நான் காய்ச்சலில் சுருண்டு படுத்தால் போதும், முருகன் ஜீப்பு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ரொம்பப் பொறுப்பாக அம்மாவிடம் விசாரிப்பான்:

"அக்காவுக்கு மருந்து எத்தன லிட்டரு கொண்டாரணும்?"